தயாரா புல்வெளிக்குப் பத்துப் பேர்: மே மாதம் வேண்டாம்

மன்னார்குடிக்காரர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. நாலு குழந்தைகள் உட்பட மொத்தம் பத்துப் பேர். மே மாதப் பள்ளி விடுமுறையில் உத்தராகண்டில் உள்ள தயாரா புக்யால் புல்வெளிக்குப் போய், மேலேயே டென்ட் போட்டு இரண்டு ராத்திரி தங்க ஆசை. ஆனால் கூட்டம் தாங்காமல் அந்தப் பக்கத்துப் புல்வெளிகள் பாழாகின்றன, நீதிமன்றமே தலையிட்டிருக்கிறது என்று காதில் விழுந்திருக்கிறது. போவது சரியா, எப்போது போவது, 67 வயது அம்மாவையும் கூட்டிப் போகலாமா?

போகலாம். மே மாதம் வேண்டாம், மேலே தங்கவும் வேண்டாம். அம்மா விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன், இருப்பதிலேயே சுலபமான பகுதி அதுதான்.

நான் மலையேற்றக்காரன் இல்லை. திருவாரூர்ப் பக்கத்து ஆள். மண் பரிசோதனைக் கூடத்தில் காலமெல்லாம் அடுத்தவர் வயல் மண்ணைக் காயவைத்து, சலித்து, அளந்துவிட்டு ஓய்வு பெற்றவன். தயாராவுக்கு மூன்று தடவை போயிருக்கிறேன். முதல் தடவை அங்கே நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் உங்களுக்கு யோசனை சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் புக்யால் என்றால் என்ன என்று பார்ப்போம். அது உத்தராகண்டின் கட்வால் மலைப் பகுதி மக்களின் சொல். மலை ஏற ஏற மரங்கள் குட்டையாகி, ஒரு உயரத்துக்கு மேல் மரமே நிற்காது. இமயமலையின் அந்தப் பகுதியில் இந்த எல்லை இடத்தைப் பொறுத்து 3,200, 3,500 மீட்டர் என்று மாறும். அதற்கு மேலே, நிரந்தரப் பனிக்குக் கீழே விரிந்து கிடக்கும் புல்தரைதான் புக்யால். தமிழ்நாட்டில் இது கிடையாது. நம்முடைய தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் சோலைக்காட்டை ஒட்டி இருக்கும் புல்வெளி வேறு வகை. தயாரா உத்தரகாசி மாவட்டத்தில், பாகீரதி ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே, 3,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே தொடங்கி ஏறிக்கொண்டே போகிறது. எதிரே பந்தர்பூஞ்ச், ஸ்ரீகண்டம் என்று பனிமலைகள் வரிசையாக நிற்கும். புகைப்படத்தில் பார்த்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள் என்றால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானும் அப்படிக் கிளம்பியவன்தான்.

அந்தப் புல் வருடத்தில் ஐந்தாறு மாதம் பனிக்கு அடியில் கிடக்கிறது. பனி உருகி, மறுபடி பனி விழுவதற்குள் கிடைக்கும் கொஞ்ச நாளில் முளைத்து, பூத்து, விதை போட்டு, வேரில் அடுத்த வருடத்துக்குச் சேமித்தும் வைக்க வேண்டும். நாம் குறுவை, தாளடி என்று கணக்குப் போடுகிற ஆட்கள். அதற்கு வாய்ப்பதே ஒரு போகம், அதிலும் ஒரு மாதம் தவறினால் அந்த வருடமே போச்சு. மண்ணும் நம் மண் மாதிரி இல்லை. நம்முடையது காவிரி ஆயிரக்கணக்கான வருடம் கொண்டுவந்து கொட்டிய வண்டல். கிணறு தோண்டினால் ஆள் உயரத்துக்கு மண் வரும். அங்கே புல்லைப் பெயர்த்தால் பல இடங்களில் ஒரு சாண் மண், அதற்குக் கீழே சரளையும் பாறையும். அந்தக் குளிரில் பாறை உதிர்ந்து, வேர் மக்கி, ஒரு அங்குல மண் சேர நூற்றுக்கணக்கான வருடம் ஆகும். அந்த ஒரு சாண் மண்ணை மலைச்சரிவில் பிடித்து வைத்திருப்பது புல்லின் வேர்ப்பின்னல் ஒன்றுதான்.

கூட்டம் நடந்தால் என்ன கெட்டுப்போகும், புல்தானே, மறுபடி முளைக்காதா என்று கேட்பவர்களுக்கு நான் நடவு வயலைத்தான் காட்டுவேன். நடவுக்கு முன்னால் ஏன் சேற்றுழவு செய்கிறோம்? தண்ணீரைக் கட்டி, உழுது, கலக்கி, மிதித்து, மண்ணில் இருக்கிற நுண்ணிய துளைகளை எல்லாம் அடைத்துவிடுகிறோம். அடியில் கெட்டியாக ஒரு தட்டு விழுகிறது. கட்டிய தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கிறது. நெல்லுக்கு அது வேண்டும். ஈரமான புல்வெளியில் நாள் முழுக்க ஷூ கால்களும் கோவேறு கழுதைக் குளம்புகளும் மிதித்தால் நடப்பது அதே சேற்றுழவுதான். அந்த மண்ணுக்கு வேண்டியதோ நேர் எதிர். பனி உருகிய தண்ணீரும் மழையும் உள்ளே இறங்க வேண்டும். இறங்கினால்தான் கீழே கிராமத்து ஊற்றுகளில் கோடையில் தண்ணீர் வரும். துளை அடைந்துவிட்டால் தண்ணீர் மேலாகவே ஓடும். சரிவில் ஓடுகிற தண்ணீர் வாய்க்கால் வெட்டும். வாய்க்கால் அகலமாகி, இரண்டு பக்கமும் புல்தரை பாளம் பாளமாகச் சரியும். நம் கடைமடைக்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. மேலே இருக்கிற மண் தண்ணீரைப் பிடித்து வைக்காவிட்டால் கீழே ஒரு நாள் வெள்ளம், மறுநாள் வறட்சி. நம் காவிரியில் கலக்கிற பவானியும் நீலகிரி மலையிலிருந்து வருவதுதானே.

இப்போது என் கதை. 2017 அக்டோபரில் முதல் தடவை போனேன். ஒரு பயண ஏற்பாட்டுக்காரர் மூலம் போன இருபது பேர் கொண்ட கூட்டம். புல்வெளியின் நடுவிலேயே டென்ட் போட்டார்கள். அப்போது எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். சாயங்காலம் மேகம் கூடியது. ராத்திரி மழை வந்தால் டென்டுக்குள் தண்ணீர் வந்துவிடுமே என்று ஒருவர் பயந்தார். சமையல் கூடாரத்தில் ஒரு சின்ன மண்வெட்டி இருந்தது. டெல்டாக்காரன் கையில் மண்வெட்டி கிடைத்தால் சும்மா இருப்பானா? மேல் பக்கத்தில் குறுக்காக ஒரு கோடு, இரண்டு பக்கமும் இறக்கி விட்டு, நாலு டென்டுக்கும் சேர்த்து அழகாக வடிகால் வெட்டிக் கொடுத்தேன். நாலு விரல் ஆழம் இருக்கும். ராத்திரி மழையும் பெய்தது, தண்ணீரும் உள்ளே வரவில்லை. காலையில் எல்லோரும் பாராட்டினார்கள். டென்டைச் சுருட்டியபோது அடியில் புல் வெந்த கீரை மாதிரி மஞ்சளாகப் படுத்துக் கிடந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு பிஸ்கட்டைச் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து 2019 செப்டம்பர் கடைசியில் மறுபடி போனபோது அந்த இடத்தைத் தேடினேன். பக்கத்தில் ஒரு பெரிய பிளந்த பாறை இருந்ததால் கண்டுபிடிக்க முடிந்தது. நான் வெட்டிய நாலு விரல் வடிகால் முழங்கால் ஆழத்துக்கு ஓடையாகியிருந்தது. கீழே இருபது அடிக்கு நீண்டு, நடுவில் சரளைக்கல் தெரிந்தது. டென்ட் இருந்த நாலு சதுரங்களில் இரண்டில் இன்னும் புல் வரவில்லை. கரையோரத்தில் புல் வேர் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. மண்ணைப் படித்துச் சம்பளம் வாங்கியவன் செய்த வேலை அது. வழிகாட்டியாக வந்த, புல்வெளிக்குக் கீழே உள்ள ரைத்தல் கிராமத்துப் பையனிடம் இது நான் வெட்டியது என்று சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, இந்த மாதிரி இன்னும் நிறைய இருக்கிறது, காட்டவா என்றான்.

இந்த இரண்டு பயணங்களுக்கும் நடுவில்தான் நீங்கள் கேள்விப்பட்ட தீர்ப்பு வந்தது. ஆலி, பேத்னி, பக்ஜி புக்யால்களைக் காப்பாற்ற அந்த ஊர்க்காரர்கள் சேர்ந்து அமைத்த குழு ஒன்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2018 ஆகஸ்டில் நீதிமன்றம் புக்யால்களில் இரவு தங்கக் கூடாது, ஒரு நாளைக்கு 200 பேருக்கு மேல் விடக் கூடாது, அங்கே நட்டு வைத்திருக்கிற நிரந்தரக் குடில்களை அகற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. வழக்குப் போட்டவர்கள் வெளியூர்ப் பசுமை ஆர்வலர்கள் இல்லை, அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். மறு வருடமே 2019 ஜூனில் பெயரில் ஆலி மாதிரியே ஒலிக்கும் ஔலி என்ற இன்னொரு இடத்தில், சமோலி மாவட்டத்துப் பனிச்சறுக்குச் சரிவில், கோடிக்கணக்கில் செலவழித்து ஒரு பணக்காரக் குடும்பம் இரண்டு கல்யாணம் நடத்தி, குப்பை மலையாகக் குவிந்து, அதுவும் நீதிமன்றத்துக்குப் போனது தனிக்கதை.

அப்புறம் விதிகளை நடைமுறைப்படுத்தும் விதம் பருவத்துக்குப் பருவம் மாறும். எந்த இடத்தில் டென்ட் போடலாம், அனுமதிச் சீட்டு எங்கே வாங்க வேண்டும் என்பதை உத்தரகாசி வனத்துறையிடமோ, ரைத்தல் அல்லது பர்சு கிராமத்திலோ கேட்டுக்கொண்டே ஏறுங்கள். ஏற்பாட்டுக்காரர் "மேலேயே தங்க வைக்கிறேன், யாருக்கும் தெரியாது" என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். நம் ஊர்ப் பக்கமும் இதற்கு நாம் பழகிக்கொண்டுதானே வருகிறோம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வந்தது சென்னை உயர் நீதிமன்றம் சொல்லித்தான்.

தயாராவில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. மண் அரித்துப்போன சரிவுகளில் வனத்துறை தென்னை நார் வலையைப் பாயாக விரித்து, மூங்கில் முளை அடித்து, பைன் மரத்து ஊசி இலைகளைக் கட்டாகக் கட்டித் தடுப்புப் போட்டிருக்கிறது. தண்ணீரின் வேகம் குறையும், வண்டல் தங்கும், புல் விதை ஊன்றிக்கொள்ளும், நார் சில வருடத்தில் தானாக மக்கிவிடும். தென்னையே இல்லாத அந்தக் குளிர் தேசத்தில் தேங்காய் நாரைப் பார்த்ததும் பேராவூரணிச் சந்தைக்குள் வந்துவிட்ட மாதிரி ஒரு சந்தோஷம். கஜா புயலில் சாய்ந்த நம் பட்டுக்கோட்டைத் தோப்புகளும் ஞாபகத்துக்கு வந்தன. அந்த விரிப்பின் மேல் ஏறி நின்று செல்ஃபி எடுக்கிறவர்களையும் பார்த்தேன். கம்பி வேலி இல்லை என்பதால் நடக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நடப்பது பற்றி. இதில் நமக்கு ஒரு அனுகூலம் உண்டு, வரப்பில் ஒருவர் பின் ஒருவராக நடந்து பழக்கம். இருக்கிற ஒற்றையடிப் பாதையில் அப்படியே நடங்கள். பாதை சேறாக இருந்தால் பெரும்பாலோர் புல்லின் மேல் ஒதுங்கி நடப்பார்கள். அடுத்து வருகிறவர் இன்னும் ஒரு அடி தள்ளி நடப்பார். ஒரு மழைக்காலம் முடியும்போது ஒரு பாதை இருந்த இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நாலு பாதை ஓடும். ஒரு இடத்தில் நான் எண்ணிப் பார்த்தேன், ஏழு இருந்தது. சேறு இருந்தால் சேற்றிலேயே நடங்கள். நாற்று நட்ட கால்களுக்கு அது என்ன பெரிய விஷயம்? ஷூவைக் கழுவிக்கொள்ளலாம். பாதையே இல்லாத திறந்த புல்வெளியில் மட்டும் கணக்கு வேறு: அங்கே வரிசையாகப் போனால் புதுப் பாதை விழுந்துவிடும், பிரிந்து பரவலாக நடங்கள், முடிந்தால் பாறை மேலும் காய்ந்த புல் மேலும் கால் வையுங்கள். ஓடையோரம் பஞ்சு மாதிரி அமுங்குகிற ஈரத்தரை பக்கம் போகவே வேண்டாம். சரிவில் உருண்டு வீடியோ எடுக்கும் ஆசை பிள்ளைகளுக்கு வரும். ரைத்தல் ஊர்க்குள்ளே வைக்கோல் போட்டிருக்கும் இடத்தில் உருளட்டும்.

சாமான் தூக்கக் கோவேறு கழுதையைத் தவிர்த்து ஆள் வைத்துக்கொள்ளுங்கள். கூலி கொஞ்சம் கூட வரும், பரவாயில்லை. கழுதையை முளை அடித்துக் கட்டுகிற இடத்தில் கயிறு எட்டும் தூரம் வரை வட்டமாகப் புல் போய்விடுகிறது. அந்த வட்டத்தை மறு வருடமும் பார்க்கலாம். ஊர் மாடுகளைப் பார்த்து "இவைதான் புல்லை அழிக்கின்றன" என்று சொல்லும் பயணிகள் உண்டு. அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. சமோலி மாவட்டத்தில் பூக்களின் பள்ளத்தாக்கை 1982-இல் தேசியப் பூங்காவாக்கி, மேய்ச்சலையும் நிறுத்தினார்கள். அதன் பிறகு பாலிகோனம் என்ற முரட்டுச் செடி மண்டி மற்ற பூச்செடிகளை அமுக்க ஆரம்பித்தது. இன்றும் ஆள் வைத்துப் பிடுங்குகிறார்கள். அளவாக மேய்வதும் அந்த இடத்தின் வாழ்க்கையில் ஒரு பகுதி. கோடியக்கரைப் புல்தரையில் மான் மேய்ந்தும், சீமைக் கருவேலம் நுழைந்து இடத்தைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்த நமக்கு, புல்வெளி என்பது சும்மா விட்டால் தானாக அப்படியே இருந்துவிடும் என்ற நம்பிக்கை இருக்காது.

சாப்பாட்டு விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் தப்பு ஒன்று. பிளாஸ்டிக்கைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவருவார்கள், ஆனால் வாழை இலையையும் ஆரஞ்சுத் தோலையும் "மக்கிப்போகிறதுதானே" என்று வீசிவிடுவார்கள். புளியோதரைப் பொட்டலத்து இலையை மன்னார்குடியில் தெருவில் போட்டால் சாயங்காலத்துக்குள் ஆடு தின்றுவிடும், ஆடு வராவிட்டால் வெயிலும் கரையானும் பார்த்துக்கொள்ளும். அங்கே குளிரில் நுண்ணுயிர் தூங்குகிறது. வீசிய இலை பனிக்கு அடியில் பத்திரமாக இருந்து அடுத்த வருடம் கருப்பாக எட்டிப் பார்க்கும். எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, உத்தரகாசி வரைக்கும் இறக்கிக்கொண்டு வாருங்கள். ஈர டிஷ்யூ, நாப்கின், குழந்தை டயப்பர் எதையும் கல்லுக்கு அடியில் ஒளிக்க வேண்டாம். அங்கே எந்தப் பெரிய கல்லைப் புரட்டினாலும் முன்னால் வந்தவர் ஒருவரின் நாகரிகம் தெரிகிறது. வெளிக்குப் போவதைக் காட்டுப் பகுதியிலேயே முடித்துக்கொள்வது நல்லது. அங்கும் ஓடையை விட்டு எண்பது தப்படியாவது தள்ளி, ஒரு சாண் குழி தோண்டி, மூடிவிடுங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ நாட்டு மருந்துக் கடையில் கடுகுரோகிணி, அதிவிடயம், சடாமாஞ்சில் வாங்கியிருப்பீர்கள். மூன்றும் இந்த உயரத்து மலைச் செடிகள். மூன்றுமே வேருக்காகவும் கிழங்குக்காகவும் தோண்டப்படுகிறவை. சடாமாஞ்சிலை உலக அளவில் அழிவின் விளிம்பில் இருக்கும் செடிகளின் பட்டியலிலேயே வைத்திருக்கிறார்கள். இவை போதாதென்று சில புக்யால்களில் பனி உருகும் மாதங்களில் கீடா ஜடி எனும் புழுப்பூஞ்சையைத் தேடி ஆட்கள் மண்டியிட்டு மண்ணைக் கிளறுகிறார்கள், கிலோ லட்சக்கணக்கில் விலை போகிறதால். மேலே யாராவது வேரை நீட்டி விற்றால் வாங்க வேண்டாம். நம் ஊர் நாட்டு மருந்துக் கடைக்கும் இந்த மலைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம், செடியைப் பிடுங்காமல்.

சரி, எப்போது போவது? மே மாதம் ஏன் வேண்டாம் என்றால், பனி அப்போதுதான் உருகி முடிந்திருக்கும், தரை ஊறிக் கிடக்கும், முளை தலை தூக்குகிற நேரம். நாற்றங்காலில் விதை முளைவிட்ட மூன்றாம் நாள் யாராவது இறங்கி நடப்பார்களா? இந்தியா முழுக்கப் பள்ளி விடுமுறை என்பதால் அப்போதுதான் கூட்டமும் அதிகம். ஜூலை, ஆகஸ்டில் பூ நிறைய, ஆனால் மலைச்சரிவு ஆபத்தும் நிறைய. 2025 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தராலி கிராமத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது நீங்கள் போகிற அதே கங்கோத்ரி சாலையில்தான். குழந்தைகளோடு அந்த மாதங்களில் போக வேண்டாம். செப்டம்பர் பாதிக்குப் பிறகு மழை ஓயும். புல் விதை போட்டு முடித்து, பொன்னிறமாக மாறும், தரையும் இறுகியிருக்கும், வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும். நம் காலாண்டு விடுமுறை சரியாக அப்போது வருகிறது. தசரா நாட்களில் வடக்கிலிருந்து கூட்டம் வரும். அந்த வாரத்தைத் தவிர்த்து, சனி ஞாயிறும் இல்லாமல் ஏறுங்கள். பூ பார்க்க முடியாதே என்றால், ஆமாம், அப்போது பூ குறைவுதான்.

வழி: மன்னை எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து ரிஷிகேஷ் அல்லது டேராடூன். ரயிலிலேயே போய்த் திரும்பினால் காலாண்டு விடுமுறை பத்தாது, ஒரு பக்கமாவது சென்னையிலிருந்து விமானம் பிடியுங்கள். ரிஷிகேஷிலிருந்து உத்தரகாசிக்குச் சுமார் 170 கிலோமீட்டர், மலைப்பாதையில் முழுப் பகலும் ஆகும். மறுநாள் பட்வாரி வழியாக ரைத்தல், சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து புல்வெளிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் நல்ல ஏற்றம். குழந்தைகளோடு ஒரே நாளில் ஏறி இறங்குவது கஷ்டம். பாதி வழியில், புல்வெளிக்குக் கீழே, காட்டுக்கு நடுவில் உள்ள திடல்களில் அனுமதி உள்ள இடத்தில் ஒரு ராத்திரி தங்கி, விடியற்காலையில் மேலே போய், மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். உண்மையில் அந்த நேரம்தான் மேலே நன்றாக இருக்கும். மதியத்துக்கு மேல் மேகம் வந்து மலையை மூடிவிடும். பத்துப் பேரும் ஒன்றாக ஏறாமல், இரண்டு கூட்டமாகப் பிரிந்து அரை மணி இடைவெளி விடுங்கள்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள். மேலே காற்றில் கிடைக்கும் பிராணவாயு நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி வீதம் குளிர் கூடும். ரைத்தலில் ஒரு முழு நாள் சும்மா இருந்துவிட்டு ஏறுங்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே போகக் கூடாது. கீழே இறங்குவதுதான் மருந்து. 2024 ஜூன் தொடக்கத்தில் அதே மாவட்டத்துப் பக்கம் சஹஸ்திர தால் என்ற மலை ஏரிக்குப் போன கர்நாடகக் குழு ஒன்று பனிப்புயலில் சிக்கி 9 பேர் இறந்தார்கள். அது தயாராவைவிட மிக உயரமான, கடினமான பாதை. இருந்தாலும் வழிகாட்டி "திரும்பிவிடலாம்" என்றால், அவ்வளவு செலவு செய்து வந்தோமே என்று வாதம் பண்ணாதீர்கள்.

பணத்தை ஊர்க்குள் செலவழியுங்கள். ரைத்தலில் வீடுகளிலேயே தங்கலாம். அவர்கள் மண்டுவா என்பது நம் கேழ்வரகு, ஜங்கோரா என்பது நம் குதிரைவாலி. ரொட்டிக்கு மேல் வெண்ணெய் வைத்துத் தருவார்கள். கோடையில் மாடுகளைப் புல்வெளிக்கு ஓட்டிப்போய், ஆகஸ்ட் நடுவில் அந்தூரி என்று ஒரு திருவிழா எடுத்து, பாலும் வெண்ணெயும் தந்த மலைக்கு நன்றி சொல்லி ஒருவர் மேல் ஒருவர் மோரும் வெண்ணெயும் பூசிக்கொள்வார்கள். நம் மாட்டுப் பொங்கல் மாதிரி, வழுக்கி விழும் ஆபத்து மட்டும் கூடுதல்.

கடைசியாக அம்மா. தாராளமாகக் கூட்டிப் போங்கள், ரைத்தல் வரைக்கும். முதலில் ஊரில் டாக்டரிடம் காட்டி, இரத்த அழுத்தம், மூச்சு எல்லாம் சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரைத்தல் கிட்டத்தட்ட ஊட்டி உயரம்தான், ஜீப் ஊர் வரை போகும், பனிமலை திண்ணையிலிருந்தே தெரியும். கடைசியாக 2023 அக்டோபரில் போனபோது எழுபது வயது அக்காவை அப்படித்தான் அந்த வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மேலே போனோம். அக்காவுக்கு ஹிந்தி தெரியாது, வீட்டுக்காரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. மறுநாள் இறங்கி வந்து பார்த்தால் அடுப்பில் கேழ்வரகுக் களி கொதித்துக்கொண்டிருக்கிறது, அக்கா மங்கி குல்லாவோடு உட்கார்ந்து மத்து பிடித்து மோர் கடைந்துகொண்டிருக்கிறார், பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். மேலே எப்படி இருந்தது என்று எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவுக்கு ஸ்வெட்டர் இரண்டாக எடுத்து வையுங்கள், அந்தத் திண்ணைக்குக் காலை வெயில் வர நேரமாகும்.